மாப்பிள்ளைச் சட்டை

"இந்த ரெண்டு சட்டைக்கையும் ஒரே ஆள் தைச்சதா, தோன்கா?"

மாக்தா அத்தை கேட்டது என்னைத்தான். அவள் மகன் வெல்கோவுக்கு என் அக்கா நேவெனாவை நிச்சயித்திருந்தோம். மாப்பிள்ளைச் சட்டையைப் பார்க்க வந்தவள், அதை உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டி மடியில் போட்டிருந்தாள்.

யாராவது கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் சட்டையை மணப்பெண்ணே தைக்க வேண்டும். கெட்டது உடம்புக்குள் நுழைவது துணியின் ஓரங்கள் வழியாகத்தான். அதனால் கழுத்திலும் மணிக்கட்டிலும் கீழ் ஓரத்திலும் சிவப்பு நூலில் எட்டு முனை நட்சத்திரங்களை வரிசையாகப் போடுவோம். அக்கா எல்லாவற்றையும் முடித்து, ஒரு சட்டைக்கை மட்டும் மீதி இருந்தபோது, நூலுக்குச் சாயம் காய்ச்சிய கொப்பரை சரிந்து அவள் வலது கை வெந்துபோனது. அம்மா சொல்லி, மீதியை நான் தைத்தேன்.

வெளிப்பக்கத்தில் வித்தியாசமே தெரியாது. உள்பக்கத்தில் அக்கா நூலைக் கீழ்நோக்கி முடித்திருந்தாள், நான் மேல்நோக்கி. அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று அம்மா கண்ணாலேயே மிரட்டினாள்.

"இல்ல அத்தை. இது நான் தைச்சது."

"கை வெந்தவ எப்படித் தைப்பா, சம்பந்தி?" அம்மா முந்திக்கொண்டாள். "சொந்தத் தங்கச்சிதானே, அந்நியமா?"

"அந்நியமில்லதான். ஆனா எம் பெரியவன் கடைச் சட்டையோட யுத்தத்துக்குப் போனான், திரும்பல. இவனுக்கு இவனைக் கட்டிக்கிறவ தைச்சதுதான் வேணும்." சட்டையை மேசைமேல் வைத்தாள். "அடுத்த ஞாயிறு கோயில் முடிஞ்சு வர்றேன். நேவெனா தைச்சிருந்தா எடுத்துட்டுப் போறேன். இல்லேன்னா சட்டையும் இங்கேயே இருக்கட்டும், பொண்ணும் இங்கேயே இருக்கட்டும்."

கை ஆறும்வரை காத்திருக்கவும் வழியில்லை. கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கிவிட்டால் தை மாதம்வரை எந்த வீட்டிலும் கல்யாணம் கிடையாது.

அவள் போனதும் அம்மா என்மீது பாய்ந்தாள். "வருஷம் பூரா வாயத் திறக்காதவ, இன்னிக்குன்னு பாத்துத் திறந்தா பாரு. பிரிச்சுட்டுக் கீழ பாத்துத் தைடி. இந்தத் தடவ அவளால கண்டுபிடிக்க முடியாது."

"அவ தொடக் கூடாது," என்றாள் அக்கா. "எனக்கு இன்னொரு கை இருக்கு."

"அந்தக் கையால நீ கரண்டி பிடிச்சுக்கூட நான் பாத்ததில்லயே."

நான் தைத்ததை அக்கா ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்துப் பிரித்தாள். ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னை விட்டாள். கட்டுப்போட்ட வலது கையின் முழங்கையால் துணியை மேசையில் அழுத்திக்கொண்டு, இழைகளை எண்ணி எண்ணி இடது கையால் குத்தினாள். முதல் நட்சத்திரம் முடிய ஒன்றரை நாள் ஆனது.

"என்னடி இது, மிதிபட்ட நண்டா?" என்றாள் அம்மா.

"எட்டுக் கால் இருக்கான்னு எண்ணிப் பாரு, போதும்."

புதன்கிழமை ஊசி அவள் விரலில் ஆழமாக ஏறிவிட்டது. பொறுக்காமல் நான் துணியைப் பிடித்தேன். விரலில் மாட்டியிருந்த தையல் உறையாலேயே அக்கா என் புறங்கையில் ஒரு அடி வைத்தாள். "ரத்தம் பட்டா என்ன? நூலும் சிவப்புதானே. நீ கோத்துக் குடு."

கை பழகப் பழக வேகம் கூடி, சனிக்கிழமை மாலை கடைசியான எட்டாவது நட்சத்திரமும் முடிந்தது. ஒன்றுகூட நேராக நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். அம்மா ஊற்றி வைத்த பிளம் சாராயத்தைத் தொடாமல், சட்டைக்கையை உள்பக்கம் புரட்டினாள். எங்கு பார்த்தாலும் முடிச்சு.

அக்கா அவள் எதிரே வந்து நின்றாள். "கண்ணு படாம இருக்க எல்லாரும் ஒரு தையலத் தப்பா விடுவாங்க அத்தை. நான் கொஞ்சம் தாராளமா விட்டிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"அழகா இல்லன்னு எனக்கே தெரியும். ஆனா இதுல வேற யாரோட தையலும் இல்ல. நீங்க சொன்னாலும் இனிமே ஒண்ணக்கூடப் பிரிக்க மாட்டேன்."

அத்தை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, எட்டு நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். சட்டையை நான்காக மடித்துத் தன் மேலங்கிக்குள், நெஞ்சோடு சேர்த்துச் செருகிக்கொண்டாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் எழுந்து, வாசலைத் தாண்டிப் போனாள்.