மோட்டார் ரூம் கயிறு

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் குட்டையைப் பற்றி வாயைத் திறந்தது நான் ஒருத்திதான்.

கோகுல்நாத் அடிவாரத்துக்காரன். மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் காட்டுக்குக் கீழே இருக்கும் மிளகுத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தான். பிடித்த கையோடு பொக்லைன் கொண்டுவந்து ஒரு குட்டை வெட்டினான். இந்த மண்ணில் தண்ணீர் நிற்காது என்று அடியிலிருந்து கரை வரை கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்தான். ஐப்பசி மழையில் குட்டை ததும்ப நிறைந்தது. என் வீட்டு வாசலில் நின்றால் பலாமரத்துக்கு அந்தப் பக்கம் அது கறுப்பாகத் தெரியும். எனக்கு இருப்பது ஒரே பெண், ஆறு வயது சங்கீதா.

நேரே போய்க் கேட்டேன். "ஏனுங்க தம்பி, சுத்தி வேலி போட மாட்டீங்களா? சின்னப் புள்ளைங்க ஓடற எடம்."

"வேலி எத்தன நாளைக்குங்க அக்கா தாங்கும்? புள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்துட்டா ஆயுசுக்கும் பயமில்லீங்க. எங்கூர்ல நடக்கப் பழகுனதுமே கெணத்துல தள்ளி உட்ருவாங்க. நானே அப்படித்தான் கத்துக்கிட்டேன்" என்று சிரித்தான்.

கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். நல்லவன். அதுதான் தொல்லை.

மலையில் எங்களுக்கு நீச்சல் பழக்கமில்லை. ஓடையில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடும். வெள்ளம் வந்தால் யாரும் பக்கத்தில் போகமாட்டோம். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கியபோது ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. காலி எண்ணெய் கேனை முதுகில் கட்டி விடுவான். பிள்ளைகள் தவளைக் குஞ்சுகளைப் போல உதைத்துக்கொண்டு போகும். பலாமரத்தில் கட்டிய முடிச்சுக் கயிறு ஒன்று தண்ணீருக்குள் தொங்கும். ஷீட் வழுக்கும் என்பதால் அதைப் பிடித்துத்தான் மேலே ஏறவேண்டும். யாராவது தத்தளித்தால் கேனை அவர்கள் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தான்.

கடைசியில் ஒரு விளையாட்டு. அவன் மூச்சடக்கி முங்குவான். பிள்ளைகள் கரையில் நின்று கத்தி எண்ணுவார்கள். நூறு வருவதற்குள் புஸ்ஸென்று தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழுவான். சங்கீதா நூறு வரை எண்ணப் பழகியதே அந்தக் கரையில்தான். மார்கழிக்குள் கேன் இல்லாமலே நீந்தினாள். என் வீட்டுக்காரர் சென்றாயன் அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் பெருமையடித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பொங்கல் கழிந்து எங்கள் செவலை நாய் காணாமல் போனது. தேடிக்கொண்டு போனவள் நான். குட்டையில் ஊதி மிதந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஷீட்டைப் பார்த்த பிறகு முடியவில்லை. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, குட்டையைச் சுற்றிலும், ஒரு இடம் பாக்கியில்லாமல் நகக் கீறல். பாவி நாய் ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றி ஏறப் பார்த்திருக்கிறது.

கோகுல்நாத்தைக் கூட்டிவந்து காட்டினேன்.

"எதையாவது தின்னுட்டு வந்து உழுந்திருக்குங்க அக்கா."

"நாய்க்கு நீச்சல் தெரியாதா தம்பி?"

அவன் குனிந்து ஒரு கீறலை விரலால் தடவினான்.

"உங்க ஊர் கெணத்துல படி இருக்குதில்ல? நீந்தி வந்து படியப் புடிச்சுக்கறீங்க. இங்க எதைப் புடிக்கறது? அந்தக் கயித்த அங்கயே தொங்க உடுங்க. ஏன் கழட்டிட்டுப் போயி மோட்டார் ரூம்ல பூட்டறீங்க?"

"கயிறு தொங்குனா நானில்லாதப்ப புள்ளைங்க எறங்கிருமுங்க. கயிறு இல்லாம எறங்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன். அதுதானுங்க பாதுகாப்பு."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரரும் "தம்பி சொல்றது சரிதான், நீ எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிக்காத புள்ள" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை. என் வீட்டுக் கயிற்றை எடுத்துப்போய் நானே பலாமரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் அது அழகாகச் சுருட்டி என் வாசலில் வைக்கப்பட்டிருந்தது. நல்லவன் ஆயிற்றே, தூக்கி எறிய மனசு வரவில்லை போலிருக்கிறது. அந்தக் கயிற்றைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். போகவர அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். சங்கீதாவைக் குட்டைப் பக்கம் போகக்கூடாது என்று மிரட்டி வைத்தேன். அவள் தலையை ஆட்டுவாள். நான் மிளகு பறிக்கப் போனதும் ஓடிவிடுவாள்.

அன்று சனிக்கிழமை. வீட்டுக்காரர் வாழைக்காய் ஏற்றிக்கொண்டு சோளக்காட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். நான் வாசலில் மிளகை உலர்த்திக்கொண்டிருந்தேன். சங்கீதா கீழேயிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அம்மா, கோகுல் அண்ணா கரைக்கே வரமாட்டேங்கறாங்க. சுத்திச் சுத்தி நீந்துறாங்க."

முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"எப்படி உழுந்தாங்க?"

"பைப்புல இலை அடைச்சிருச்சுன்னு இழுத்தாங்க. பைப்போட வழுக்கிட்டாங்க. கயிறு கொண்டான்னாங்க. மோட்டார் ரூம் பூட்டியிருக்குது. சாவி அவங்க பாக்கெட்லதான் இருக்குதாம்."

"நீ இங்கயே இரு கண்ணு. இந்த வாசலத் தாண்டுனா காலை ஒடிச்சிருவேன்" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். கதவுக்குப் பின்னால் ஆணி இருந்தது. கயிறு இல்லை.

எங்கே போச்சு, எங்கே போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன். முந்தின நாள் வீட்டுக்காரர் மிளகு பறிக்கும் ஏணியை மரத்தோடு சேர்த்துக் கட்டியது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மேட்டுக் காட்டுக்கு ஓடினேன். பனியில் இறுகிப்போன முடிச்சு. பல்லால் கடித்தேன். நகம் பிய்ந்தது. அந்த மனுஷனை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். ஒருவழியாக முடிச்சு அவிழ்ந்தது.

திரும்பி வாசலைத் தாண்டும்போது சங்கீதா அங்கே இல்லை. திண்ணை ஓரம் கிடந்த அவளுடைய எண்ணெய் கேனும் இல்லை.

அவன் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்திருக்கிறாள். தத்தளிப்பவர்களுக்குக் கேனைத் தள்ளிவிட வேண்டும். நீச்சல் தெரிந்த பிள்ளை, அவளுக்குத் தண்ணீரைக் கண்டு என்ன பயம்? கேனோடு தானும் இறங்கிவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கேன் காற்றில் நகர்ந்து நடுக்குட்டையில் தனியாக மிதந்துகொண்டிருந்தது. கரையோரம், ஷீட்டோடு ஒட்டியபடி, கோகுல்நாத்தின் இரண்டு கைகளும் மேலே உயர்ந்திருந்தன. அந்தக் கைகளில் என் பெண் இருந்தாள். அவன் முகம் தண்ணீருக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. விரல் நுனியெல்லாம் ரத்தம்.

"அக்கா... பாப்பாவ..." அதற்கு மேல் பேச முடியாமல் வாயில் தண்ணீர்.

பலாமரத்து வேரில் காலை மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்துக் கயிற்றை வீசினேன். முதல் தடவை எட்டவில்லை. இரண்டாவது தடவை சங்கீதா பிடித்துக்கொண்டாள். முடிச்சில்லாத கயிறு, ஈரக்கையில் வழுக்கியது. "கையில சுத்திக்க சாமி, சுத்திக்க!" என்று அலறினேன். சுற்றிக்கொண்டாள். நான் இழுத்தேன், அவன் கீழேயிருந்து தள்ளினான். தள்ளத் தள்ள அவன் உள்ளே போனான். அவன் நிற்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. கடைசியாக ஒரு தள்ளு தள்ளினான். பிள்ளை என் நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது.

அவளைப் புல்லில் கிடத்திவிட்டுக் கயிற்றை மறுபடி வீசினேன். கயிறு தண்ணீர்மேல் கிடந்தது. அதைப் பிடிக்க யாரும் வரவில்லை.

"தம்பி! கோகுல் தம்பி! புடிங்க!"

குமிழி கொஞ்சம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. யாராவது வாங்களேன் என்று மலையே கேட்கும்படி கத்தினேன். ஊரில் பாதிப் பேர் சந்தையில், மீதிப் பேர் காட்டில். எனக்கு நீச்சல் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன? அவனுக்குத் தெரியாத நீச்சலா?

சங்கீதா எழுந்து உட்கார்ந்தாள். இருமினாள். என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"கத்தாதம்மா. அண்ணா மூச்சடக்குறாங்க."

அப்புறம் கரையில் போய் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று, தண்ணீரைப் பார்த்து, சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் கத்திக்கொண்டே இருந்தேன். அவளும் நிறுத்தவில்லை. அவளுக்கு நூறு வரைதான் தெரியும். நூறு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.