மாமியார் கட்டிலுக்கு அடியில் இன்ஜின்

எங்கள் வீட்டுக்கு ஆறு சக்கரம். என் கணவர் ஓய்வு பெற்ற கையோடு ஃபிளாட்டை விற்று, டீசலில் ஓடும் இந்த வீட்டு வண்டியை வாங்கினார். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உள்ளேயே. குளியலறையில் தலைக்கு ஷாம்பூ போடக் கையைத் தூக்கினால் முழங்கை இடித்துக் கதவு திறந்துகொள்ளும். ஊர் சுற்றலாம் என்றார். சுற்றினோம். எனக்குத் தலைதான் சுற்றியது.

"இதுல ஒரு பெரிய ரிப்பேர் வரட்டும், அன்னிக்கே வித்துட்டு வாடகைக்கு வீடு பாத்துடலாம்" என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அதனால் இன்ஜினைச் சூடேறாமல் காக்கும் கூலன்ட் காணாமல் போக ஆரம்பித்தபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. காலையில் நிரம்பியிருக்கும் தொட்டி, சாயங்காலம் குறைந்திருக்கும். நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "ஹெட் கேஸ்கட் போயிருக்கும். கூலன்ட் இன்ஜினுக்குள்ளயே போய் எரியுது போல" என்றார் கணவர், முகம் செத்துப்போய்.

"பெரிய ரிப்பேரா?"

"இன்ஜினையே இறக்கணும்."

நான் வெங்காயம் நறுக்கத் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

மெக்கானிக் வந்தார். இந்த வண்டியில் இன்ஜின் பின்பக்கம், சரியாக என் மாமியாரின் கட்டிலுக்கு அடியில். அதைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அவரை எழுப்ப வேண்டும். மாமியார் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். மெத்தையைத் தூக்கிப் பலகையைக் கழற்றிய மெக்கானிக், ஸ்பேனரை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவரிடமே கொடுத்தார்.

தொட்டியின் வாயில் ஒரு பம்பை மாட்டிக் காற்றடித்தார். எங்காவது ஒழுகினால் அதிலிருக்கும் மீட்டரின் முள் இறங்குமாம். நான் முள்ளையே பார்த்தேன். பாவி, அசையவில்லை.

அடுத்து ஒரு குழாயில் நீலத் தண்ணீர். கேஸ்கட் போயிருந்தால் அது மஞ்சளாகிவிடுமாம்.

"லேசா மஞ்சள் தட்டின மாதிரி இல்ல?" என்றேன்.

"இல்லைங்க. நல்ல நீலம்."

"பெருசா ஏதாவது இருந்தா தயங்காம சொல்லுங்க. நாங்க தாங்கிக்குவோம்."

அவர் தலையைச் சொறிந்தார். "தினமும் யாரு கூலன்ட் ஊத்தறது?"

"நான்தான்" என்றார் மாமியார். "என் கால்மாட்டுலதானே மூடி இருக்கு. எழுந்ததும் கழுத்து வரைக்கும் ஊத்திட்டுத்தான் பல்லே விளக்குவேன்."

"அம்மா, பாதியில கோடு போட்டிருக்கே" என்றார் மெக்கானிக்.

"அரைகுறையா ஊத்தற பழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாது."

உண்மைதான். இந்தக் குடும்பத்தில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் யாரும் டீ குடித்ததில்லை. "ரொப்பினா என்ன தப்பு?" என்றார் கணவரும்.

"சூடானா கூலன்ட் விரியும் சார். விரிய இடமில்லாம, அதிகப்படியா இருக்கறதை ஓடும்போதே பைப் வழியா ரோட்டுல துப்பிடுது. நீங்க மறுபடி ரொப்பறீங்க, அது மறுபடி துப்புது. கோட்டோட நிறுத்துங்க, போதும். இன்ஜின் ஜம்முனு இருக்கு. நம்ம காலத்துக்கும் உழைக்கும்."

நம்ம காலத்துக்கும். நான் அங்கேயே உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதேன்.

"பாருங்க, அவளுக்கு சந்தோஷம் தாங்கல" என்றார் கணவர். மெக்கானிக்குக்கும் கண் கலங்கியது.

மாமியார் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கொதிக்கிற இன்ஜின் மேல் இத்தனை நாள் படுத்துக் கிடந்த மனுஷி. இந்த வண்டி உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று நாங்கள் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஏன் தம்பி, கூலன்ட் ஒரு சொட்டுகூட இல்லாம ஓட்டினா என்னாகும்?" என்று கேட்டார்.

"ஐயோ, இன்ஜின் அப்படியே இறுகிப் போயிடும்மா. அப்புறம் எடைக்குத்தான் போடணும்."

"எங்கம்மாவுக்கு வண்டி மேல எவ்வளவு அக்கறை பாருங்க" என்று பூரித்துப்போனார் கணவர்.

மாமியார் மடியிலிருந்த தலையணையைக் கீழே வைத்தார். கையில் ஸ்பேனரோடு இன்ஜின் பக்கம் குனிந்தார்.

"மொத்தத்தையும் வடிச்சு விடறதுக்கு ஒரு திருகு இருக்குமே, அது எந்தப் பக்கம் தம்பி?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் டார்ச்சைப் பிடித்தேன்.