ஒரு பருவத்துக்கு

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூடத்து மாஸ்டர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் துணி வெட்டுகிற மாஸ்டர். பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் இருபத்திரண்டு வருடமாக நீள மேசைக்குப் பின்னால் நின்று வெட்டிக்கொண்டிருப்பவர். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று சொன்னால் போதும், எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். கடை முதலாளி முதல் சில வருடம் கால்குலேட்டரில் தட்டிச் சரிபார்த்தார். அப்புறம் அவருக்குக் கால்குலேட்டர் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கணக்கில் இவ்வளவு கெட்டியான மனிதர் ஒரே ஒரு வார்த்தையில் சறுக்கினார். அவரைக் கேலி செய்ய மனசு வரவில்லை. அந்த வார்த்தையை விளக்கம் எதுவும் இல்லாமல் எழுதி அனுப்பினார்களே, அவர்கள் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

மாஸ்டருக்கு ஒரே மகள். வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்த பிறகும் அவள் பாப்பாதான். அப்பாவின் கணக்கு மூளை அப்படியே இறங்கியிருந்தது. அரசுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்க விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்துவிட்டது. வந்த கடிதத்தின் முதல் பக்கத்தில், கட்டம் போட்டு, 'கல்விக் கட்டணம்: இல்லை' என்று அச்சடித்திருந்தார்கள்.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. கடையில், டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"பாப்பாவுக்கு யுனிவர்சிட்டில இடம் கெடச்சிருக்கு. ஃபீஸே கெடையாது, தெரியுமா? அரசாங்கமே படிக்க வைக்குது."

"அப்புறம் என்ன மாஸ்டர், சும்மா கெடச்ச மாதிரிதான்!" என்றார்கள் எல்லோரும்.

சும்மா கிடைக்காது என்று மாஸ்டருக்கும் தெரியும். துணி விலை மட்டும் சட்டை விலை ஆகிவிடுமா? காலருக்குள் வைக்கிற கேன்வாஸ் இருக்கிறது, பொத்தான் இருக்கிறது, நூல் இருக்கிறது, வெட்டும்போது வீணாகிற துண்டு இருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையில் அளவு வரைகிற பழுப்புக் காகிதத்தை ஒரு முழம் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பாப்பா கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படிக்கப் படிக்க எழுதினார். கூலிக்குச் சட்டைகளில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவியும் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"காப்புத் தொகை. இது படிப்பு முடிஞ்சதும் திருப்பித் தருவாங்களாம். அடையாள அட்டை. கம்ப்யூட்டர் லேப்புக்கு. அப்புறம் விடுதியும் சாப்பாடும், ஒரு பருவத்துக்கு நாற்பத்திரண்டாயிரம்." பாப்பா நிறுத்தினாள். "பருவம்னா என்னப்பா?"

மாஸ்டர் சிரித்தார். அவரிடம் போய் இதைக் கேட்கிறாளே! அவர் முதலாளி வேற்றுமொழிச் சொல் கலக்காமல் பேசுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிற ஆள். மற்ற கடைக்காரர்கள் சீசன் என்பதை அவர் பருவம் என்பார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வருகிற அந்த இரண்டு மாதம்தான் பருவம். வருடத்துக்கு ஒருமுறை வரும். 'பருவம் வந்துட்டா பெண்டாட்டி முகம் மறந்துடணும்' என்று முதலாளி சொல்ல, தையல்காரர்கள் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். அந்த வீட்டிலும் பாப்பா பிறந்ததிலிருந்து பேச்சு அதுதான். போன பருவத்தில் வாங்கிய மின்விசிறி, அடுத்த பருவத்தில் வாங்கப்போகும் கட்டில்.

"பருவம்னா வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது. நம்ம கடை மாதிரிதான் அவங்களுக்கும். புதுசாப் பிள்ளைங்க சேர்றப்போ வசூல் பண்ணுவாங்க" என்றார்.

பாப்பா ஒரு நொடி கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அடுத்த வரியைப் படித்தாள்.

அவர் எதையும் விடவில்லை என்பதுதான் கொடுமை. பக்கெட், போர்வை, பஸ் கட்டணம், செருப்பு, உடம்புக்கு வந்தால் மாத்திரை எல்லாம் எழுதினார். கடைசியில் 'வேஸ்ட்' என்று ஒரு வரி எழுதி அதற்கும் ஒரு தொகை போட்டார். எந்தத் துணியை வெட்டினாலும் கொஞ்சம் வீணாகத்தான் செய்யும் என்பது அவர் கட்சி. படிப்பு நான்கு வருடம் என்பதால், வருடா வருடம் வருகிறதையெல்லாம் நான்கால் பெருக்கினார். கீழே இரண்டு கோடு போட்டார்.

அந்தத் தொகைக்கு மூன்று பேரும் தங்களை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். இரண்டு அறை வீட்டைக் காலி செய்துவிட்டு அதே தெருவில் ஒற்றை அறைக்குப் போனார்கள். மனைவி இன்னொரு கடையிலிருந்தும் காஜா வாங்கிவந்தாள். அவள் கண்ணில் நீர் வடிவதைப் பற்றி யாரும் பேசவில்லை. முதல் வருடத்துப் பணத்தை முதலாளி முன்பணமாகக் கொடுத்தார். ஒவ்வொரு சட்டைக் கூலியிலும் இவ்வளவு என்று பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. அளவு அவ்வளவு கச்சிதம். இன்னும் ஒரு விரல்கடை இழுத்தால் தையல் விட்டுவிடும்.

சேர்க்கைக்குக் கடைசி நாளன்றுதான் மாஸ்டருக்குக் கடையில் லீவு கிடைத்தது. விடிவதற்குள் பஸ் ஏறி, பதினொரு மணிக்குப் பல்கலைக்கழகத்தில் இறங்கினார்கள். பாப்பா கையில் பெட்டி, மாஸ்டர் கையில் புதுப் பக்கெட். பக்கெட்டுக்குள் போர்வையை மடித்து வைத்திருந்தார். வரிசையில் நின்றவர்கள் யாரும் பக்கெட் கொண்டுவரவில்லை. பாப்பாவுக்கு அது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். முன்னால் நின்ற பையனின் சட்டையைப் பார்த்து, "தோள்பட்டை ரெண்டு பக்கமும் வேற வேற அளவு, பாத்தியா" என்று அவள் காதில் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

கவுன்ட்டரில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார். நல்ல மாதிரிதான். பாப்பாவின் அசல் சான்றிதழ்களை வாங்கி வரிசைப்படுத்தி, ஒரு கிளிப் மாட்டித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "நல்ல மார்க்" என்று பாராட்டவும் செய்தார். மாஸ்டர் ரப்பர் பேண்ட் போட்ட பணத்தை எடுத்தார்.

"இது இப்போதைக்கு. அடுத்தது ஆறு மாசத்துல கட்டணும். தேதி போர்டுல போடுவோம்" என்றார் அந்த அம்மா, தலை நிமிராமல்.

"அடுத்த வருஷம்தானேம்மா?"

"இல்ல சார். அடுத்த பருவத்துக்கு."

"அதான் சொல்றேன். அடுத்த பருவம் அடுத்த வருஷம்தானே வரும்?"

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "வருஷத்துக்கு ரெண்டு பருவம் சார்."

"எங்க கடைல ஒண்ணுதாங்க" என்றார் மாஸ்டர்.

அவர் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து அந்த அம்மா சிரித்தார். மாஸ்டரும் கூடவே சிரித்துவைத்தார். ரப்பர் பேண்டைக் கழற்றிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. அவர் மனசில் பணம் எப்போதும் பணமாக நிற்காது, சட்டையாக மாறிவிடும். நான்கு வருடத்துக்கு எத்தனை சட்டை என்று அவருக்குத் தெரியும். அத்தனை சட்டை மறுபடியும். மனிதனுக்கு ஒரு நாளில் இருப்பதே இருபத்துநான்கு மணி நேரம்.

பாப்பா அவரை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "மேடம், உதவித்தொகை எதாவது இருக்கா?"

"இருக்கும்மா. முதல் வருஷ மார்க் வந்த பிறகு விண்ணப்பிக்கணும். பணம் கைக்கு வர இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

"பேங்க் லோன்?"

"ஜாமீனுக்கு வீட்டுப் பத்திரம் கேப்பாங்க."

"நடுவுல கட்ட முடியலைன்னா?"

"படிப்பை விட்டுட்டுப் போனா மீதி வருஷத்து விடுதிப் பணத்தையும் கட்டினாத்தான் சர்டிஃபிகேட் திரும்பக் கெடைக்கும். அதுதான் விதி." அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "இன்னும் கம்ப்யூட்டர்ல ஏத்தல. நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு. ஓரமாப் போய் யோசிச்சுட்டு வாங்க. ஏத்திட்டேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

இருவரும் வெளியே தாழ்வாரத்தில் போய் நின்றார்கள். அங்கே சுவரில் பெரிய பலகை இருந்தது. எந்தப் படிப்பு, எத்தனை பருவம் என்று பட்டியல். புள்ளியியலுக்கு நேரே எட்டு என்று போட்டிருந்தது. இந்தப் பட்டியலைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பியிருந்தால் ஒரு தாள்தான் கூடுதலாகியிருக்கும். யாருக்கு அதெல்லாம் தோன்றும்?

மாஸ்டர் பழுப்புக் காகிதத்தை விரித்தார். சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். செருப்பை அடித்தார். காலில் கிடக்கிற பழசே போதும். மாத்திரையை அடித்தார். 'வேஸ்ட்' என்ற வரியை அடித்தார். எல்லாவற்றையும் அடித்த பிறகு மிச்சமானது ஆறு நாள் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது.

"நீ சேந்துடு பாப்பா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

"எப்படிப்பா?"

"சாயங்காலம் வேற கடைக்குப் போறேன். முதலாளிகிட்டக் கேக்கறேன்."

"அவர்தான் ஏற்கெனவே குடுத்துட்டாரே."

"அம்மா இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மனைவியின் கண்கள் ஞாபகத்துக்கு வந்தன. மத்தியான வெளிச்சத்திலும் ஊசியில் நூல் கோக்கப் பாப்பாவைக் கூப்பிடுகிறவள் அவள். பாப்பா இங்கே வந்துவிட்டால் நூல் கோக்கவே ஆள் இல்லை.

"என் தப்புதான் பாப்பா. பெரிய இவன் மாதிரி அர்த்தம் சொன்னேன். ஒருத்தரைக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." கடையில் இத்தனை வருடத்தில் ஒரு துணியைக்கூடக் கெடுக்காத மனிதர், பெற்ற பிள்ளை விஷயத்தில் வார்த்தையைக் கெடுத்துவிட்டுத் தாழ்வாரத்தில் நின்று அழுதார். போகிறவர்கள் பார்த்தார்கள். மகளைப் பிரிகிற அப்பா என்று நினைத்திருப்பார்கள்.

பாப்பா பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"உங்க தப்பு மட்டும் இல்லப்பா. எனக்கு அன்னிக்கே சந்தேகமா இருந்துச்சு. அந்தப் பக்கத்துலயே கீழ ஓர் இடத்துல 'எட்டாம் பருவத் தேர்வு'ன்னு போட்டிருந்துச்சு. நாலு வருஷப் படிப்புல எட்டாம் பருவம் எங்கேருந்து வரும்? நான் அதைப் படிக்காம தாண்டிட்டேன்."

"ஏம்மா?"

"படிச்சா போக முடியாதுன்னு தெரிஞ்சுடும்ல."

ஆறு வாரமாக இந்தப் பெண் அதை வயிற்றில் கட்டிக்கொண்டு வீடு மாறியிருக்கிறாள், பெட்டி அடுக்கியிருக்கிறாள். ஒருவேளை அப்பா சொன்னதுதான் சரியோ என்று தினமும் நம்பப் பார்த்திருக்கிறாள். மாஸ்டருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. பதினெட்டு வயதில் ஒன்றின் மேல் இவ்வளவு ஆசைப்பட்டதுதான் அவள் செய்த தப்பு.

மூன்றரை மணி வரை இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எதுவும் சாப்பிடவில்லை. புதுப் பிள்ளைகள் விடுதி அறை எண்ணைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்புறம் பாப்பா எழுந்தாள். அவர் "இரு" என்று சொல்வார் என்று ஒரு கணம் நின்றாள். அவர் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னாலேயே போனார்.

"சர்டிஃபிகேட்டைத் திரும்ப வாங்கிக்கறேன் மேடம்" என்றாள் அவள் கவுன்ட்டரில்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். இடம் வேண்டாம் என்று விருப்பத்தோடு எழுதிக்கொடுப்பதாக அதில் அச்சடித்திருந்தது. பாப்பா கையெழுத்துப் போட்டாள்.

"அப்பாவும் போடணும்."

மாஸ்டர் பேனாவை வாங்கினார். கோட்டின் மேல் நேராக, சீக்கிரமாகப் போட்டார். போட்டு முடித்ததும் அவரையும் மீறி நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வந்தது, நீளமாக. துக்கத்தில் வருகிற மூச்சு என்று அவர் எவ்வளவோ நினைத்துப் பார்த்தார். இல்லை. அது நிம்மதி. இனிமேல் அந்தச் சட்டைகளை வெட்ட வேண்டியதில்லை என்று உடம்பு விட்ட மூச்சு. அந்த உடம்பைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போடலாம் போலிருந்தது அவருக்கு.

பக்கத்தில் பாப்பா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கேட்டுவிட்டது. அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் அவர் முதுகில் கையை வைத்து மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அவள் சொன்னாள்:

"அம்மாகிட்டப் பருவக் கதையெல்லாம் சொல்ல வேணாம்ப்பா. இந்த ஊரும் விடுதியும் பிடிக்கலைன்னு நான்தான் அடம்பிடிச்சுத் திரும்பிட்டேன்னு சொல்லுங்க. திட்டினா ரெண்டு நாள் திட்டட்டும். என்ன?"

மாஸ்டர் அதற்கும் சரி என்றார்.