சுகாதாரக் காரணம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் தாட்சாயிணி நான்கு மாதமாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். கேட்டரிங் டிப்ளமோ முடித்தவள். அவள் வத்தக்குழம்பு வைக்கிற நாளில் ஆட்கள் மணி அடிக்கும் முன்பே வரிசையில் நிற்பார்கள்.

வேலையை நிரந்தரமாக்கச் சான்றிதழ் நகல்கள் கேட்டார்கள். கொடுத்தாள். சாதிச் சான்றிதழில் இருளர் என்று இருந்தது.

மறுநாளே சேதி கேன்டீனுக்கு வந்துவிட்டது. குழம்பு அண்டாவில் பாதி அப்படியே நின்றது. முந்தின நாள் மூன்று கரண்டி கேட்டு வாங்கிய லேத் ஆபரேட்டர் திருமுருகன், கை கழுவும் இடத்தில் போய் ஓங்கரித்தான். அதே குழம்பு. அதே கை.

மேனேஜர் பூபாலன் அவளைப் பாத்திரம் கழுவ அனுப்பினார். "இன்னா பண்ண சொல்றே? எலி துன்ற ஆளு சமைச்சா எவன் சாப்புடுவான்?"

"நாலு மாசமா நீங்களும்தானே சாப்ட்டீங்க சார்?"

"அப்ப தெரியாதுல்ல?"

அவள் கழுவிய தட்டில் சாப்பிட மட்டும் யாருக்கும் குமட்டவில்லை. அருவருப்புக்குக்கூட இவர்கள் வசதி பார்ப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஸ்டோர் ரூமில் எலி ஓடியது. பூபாலன் இளித்துக்கொண்டே வந்தார். "வாம்மா, இது உங்க ஆளுங்க வேலைதானே? புடிச்சி ஊட்டுக்கு எடுத்துகினு போ." காய் நறுக்கிய பெண்கள் சிரித்தார்கள்.

தாட்சாயிணி குழாயை மூடினாள். "எங்காளுங்க வயல்ல எலி புடிச்சதாலதான் சார் உங்களுக்கெல்லாம் நெல்லு மிஞ்சிச்சு. அதுல எனக்கு வெக்கம் இல்ல. ஆனா நான் இங்க சமைக்க வந்தவ. ஏன் மாத்துனீங்கன்னு எழுதிக் குடுங்க."

"எழுதினா இன்னா கிழிச்சிடுவே?" 'சுகாதாரக் காரணம்' என்று எழுதி, மூக்கைத் துடைத்த விரலாலேயே கம்பெனி முத்திரையைக் குத்திக் கொடுத்தார். அதை அவள் இரண்டு விரல் நுனியில் வாங்கினாள். அன்று மாலையே காவல் நிலையத்தில் வன்கொடுமைப் புகார் பதிவானது.

அதன் பிறகு அவள் கேன்டீனுக்குப் போகவில்லை. பூந்தமல்லியில் ஒரு ஹாஸ்டலில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்த வாரம், கம்பெனியிலிருந்து பெரிய அதிகாரி செல்வகுமார் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"வேலைக்குத் திரும்பி வாம்மா. புகாரை மட்டும் வாபஸ் வாங்கிக்க. நீ இன்ன ஆளுன்னு இனிமே யாருக்கும் சொல்ல மாட்டோம். புதுசா சேர்றவங்களுக்குத் தெரியவே தெரியாது."

திருமுருகன் ஓங்கரித்தபோதுகூட அவளுக்கு இந்த அளவு அருவருப்பு வந்ததில்லை. போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லுங்க சார்," என்றாள். "கோர்ட்டுலயும் வந்து சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.