காணாமல் போன நூற்றெண்பத்தெட்டாவது ஜோடி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பொட்டலம் கட்டும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் அந்த அலுவலகத்தில், துண்டு துண்டான நிரல்களை ஒன்றாகக் கட்டித்தரும் கருவிக்குக் கொத்தனார் என்று பெயர். கொத்தனாரின் பாஷையில் லிஸ்ட் மட்டும்தான் உண்டு. எந்தப் பொருளுக்கு எந்தக் கோப்பு என்று சொல்ல, பெயர், கோப்பு, பெயர், கோப்பு என்று ஒரே ரயிலாகக் கோக்க வேண்டும். நடுவில் ஒன்று நழுவினால் மிளகாய்த்தூளின் கோப்பு ஷாம்புவுக்குப் போய்விடும். அப்புறம் ஆவடி வரைக்கும் ஒருவரும் தும்மாமல் தலைக்குக் குளிக்க முடியாது.

மதிவதனி மூன்று மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாஷையில் மேப் என்ற புது வகையைச் சேர்த்திருந்தாள். பெயரைச் சொன்னால் அதற்குரிய கோப்பை எடுத்து நீட்டும். வரிசை, நழுவல் என்ற பேச்சே இல்லை. மேலாளர் சுசீலா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பழைய லிஸ்ட்ட மேப்பா மாத்திக் கட்டிக் காட்டுங்க. கட்டி வர்றதுல ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. நாலு மணிக்குள்ள முடியலன்னா மேப்ப மறந்துடலாம்."

மாறியது. லிஸ்ட்டில் நூற்றெண்பத்தெட்டு ஜோடி. மேப்பில் நூற்றெண்பத்தேழு.

மதிவதனி பதினேழு தடவை எண்ணினாள். தன் நிரலைச் சந்தேகித்தாள், கணினியைச் சந்தேகித்தாள், ஒன்றாம் வகுப்பில் எண் சொல்லித்தந்த டீச்சரையும் விடவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருபது வருடமாக வேரூன்றியிருந்த, பக்கத்து ஊரான பாடியைச் சேர்ந்த உத்தமன் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, ஒண்ணுதானே காணோம். நூத்தி எண்பத்தேழு கீதுல்ல?"

"அண்ணா, சும்மா இருங்க."

மூன்றே காலுக்குப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தாள். இட்லிப்பொடி இரண்டு முறை. வரி நாற்பத்தொன்று, வரி நூற்று அறுபத்து மூன்று. கோப்பு மட்டும் வேறு வேறு.

"கீழ இருக்குறது உங்க வரிண்ணா."

"ஆமா, ஆறு வருசம் முன்னாடி போட்டது. இட்லிப்பொடி கட்ற மிசின் மூணு பொட்டலத்துக்கு ஒருவாட்டி அடைச்சுக்கும். அத சரி பண்ணத்தான்."

"லிஸ்ட் மேல இருக்குறதையே எடுத்துக்கும். உங்க வரிய அது ஒருநாளும் பாத்ததில்ல."

உத்தமன் மேசையிலிருந்த ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தார். ஆறு வருடமாக மாதாமாதம் பூந்தமல்லிப் பொடி ஆலைக்கு ஸ்கூட்டரில் போய், அந்த இயந்திரத்தைக் கையால் சரிசெய்துவிட்டு வந்தவர் அவர்.

"அப்போ நான் போய்கினு இருந்தது?"

"வீண்தான்."

"வீணுன்னு சொல்லாத. மாசம் அரை கிலோ பொடி குடுப்பாங்கோ."

"மேல இருந்தத அடிச்சிட்டு எழுதியிருக்கலாம்ல?"

உத்தமன் குரலைத் தாழ்த்தினார். "அது மேடம் எழுதினதுமா. மேடம் வரிய நான் எப்டி அடிக்கிறது? மருவாதியா கீழ எழுதினேன்."

மதிவதனிக்குத் தலை சுற்றியது. மேப்போ கடைசியாக வந்ததைத்தான் வைத்துக்கொள்ளும். அதனால் அது கட்டியதுதான் சரி. ஆனால் நிபந்தனைப்படி தப்பு. பழையபடி கட்டினால் நிபந்தனை சரி, இயந்திரம் அடைத்துக்கொள்ளும். அதோடு, இன்றைக்குச் சத்தமில்லாமல் ஒரு வரியை விழுங்கிய மேப் நாளைக்கு எதை விழுங்குமோ? மூன்றே முக்காலுக்கு அவசரமாக ஒரு விதி சேர்த்தாள்.

நான்கு மணிக்குச் சுசீலா வந்து நின்றார். திரையில் கொத்தனார் வேலைநிறுத்தம் செய்திருந்தது. 'இட்லிப்பொடி இரண்டு முறை: வரி 41, வரி 163. ஒன்றை நீக்கும் வரை கட்ட முடியாது.'

சுசீலா நாற்பத்தோராம் வரியைத் திறந்தார். எழுதியவர் பெயரைப் பார்த்தார். பிறகு உத்தமனைப் பார்த்தார். உத்தமன் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஆறு வருஷமா இத ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

கேட்டுக்கொண்டே தன் வரியைத் தானே அழித்தார். கொத்தனார் மளமளவென்று கட்டி முடித்தது.

"மேடம், இப்ப எழுத்து மாறிடுச்சே," என்றாள் மதிவதனி. ஜெயித்தாளா தோற்றாளா என்றே அவளுக்குப் புரியவில்லை.

"லிஸ்ட் ஆறு வருஷமா சொல்லாதத இது ஒரே நாள்ல சொல்லிடுச்சு. மேப் இருக்கட்டும்."

உத்தமன் தொண்டையைச் செருமினார். "மேடம், ஒருவாட்டி பூந்தமல்லி போய் நேர்ல பாத்துட்டு வந்துர்றேன். மேப்பு ஒயுங்கா வேல செய்தான்னு."

"போங்க. பை எடுத்துட்டுப் போங்க," என்றார் சுசீலா.