நாலாவது நிபந்தனை

திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றோரத்து லைன் வீடுகளில் கல்லெறி ஓய்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்களுக்கும் தண்ணீர்க் குழாயில் தொடங்கிய சண்டை அது. அன்றைக்குப் பெண்களின் குளியலறைக் கதவை உடைத்து உள்ளே புகுந்த உள்ளூர் ஆட்கள்மேல் மாடம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் போலீசில் புகார் கொடுத்திருந்தார்கள்.

சமாதானக் கமிட்டி கூடியது. மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் வராந்தாவில் நின்றார்கள். கமிட்டியை நடத்திய வருவாய்த்துறை அதிகாரி ஹரிகுமார் நிபந்தனைகளைப் படித்தார். நாலாவது, பெண்கள் தங்கள் புகாரை வாபஸ் வாங்க வேண்டும் என்பது. தமிழர் பக்கம் பேச வந்த மேஸ்திரி தங்கபாண்டி, மாடம்மாளின் கொழுந்தன், கையெழுத்துப் போடக் குனிந்தான்.

மாடம்மாள் விறுவிறுவென்று உள்ளே வந்து தாளின்மேல் கையை ஊன்றினாள்.

"எங்க பராதிய வாபஸ் வாங்க நீ யாரு?"

"மைனி, நாளைக்கு நமக்கு இங்க வேலை கிடைக்கண்டாமா? வெளிய நில்லுங்க."

"ஒம்போது நாளா வெளியதானல நிக்கேன்!"

"அம்மா, ஆணுங்க பறஞ்சு தீர்க்கட்டே" என்றார் ஹரிகுமார்.

"சமாதானம் பேசுற எடத்துல பொம்பளையும் இருக்கணும்னு ஐக்கிய நாட்டு சபையிலயே தீர்மானம் இருக்கு சார். சட்ட உதவிக்கு வந்த ஷிஜா வாசிச்சுக் காட்டுச்சு."

"அது யுத்தம் நடக்குற ராஜ்யங்களுக்காணு. இது குழாய்ச் சண்டை."

"கதவ ஒடைச்சுட்டு நாலு பேரு உள்ள வந்தப்போ ஈரப் பாவாடையோட நின்னேன். எனக்கு அது யுத்தம்தான் சார்."

அவள் வாசலைப் பார்த்து, "செல்வமணி, ராகேல், வாங்கட்டி" என்றாள். புகார் கொடுத்த மூவரும் மேசையை ஒட்டித் தரையில் அமர்ந்தார்கள்.

உள்ளூர்ப் பெண் சரோஜமும் உள்ளே வந்தாள். தமிழ்ப் பையன்கள் எறிந்த கல்லில் நெற்றியில் ஐந்து தையல் போட்டிருந்தவள்.

"என்னையும் ஆரும் விளிச்சில்ல" என்று மாடம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் மிரட்டினார்கள், கெஞ்சினார்கள். நால்வரும் எழவில்லை. கடைசியில் ஹரிகுமார் நாலாவது நிபந்தனையைக் கோடு போட்டு அடித்தார். தண்ணீர் பிடிக்கும் முறையைப் பெண்களே பேசி முடித்தார்கள். கமிட்டிப் பட்டியலில் நால்வரின் பெயரையும் எழுதவைத்த பிறகுதான் மாடம்மாள் நகர்ந்தாள்.

அதற்குப் பிறகு தங்கபாண்டி அவளிடம் பேசுவதில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. ஒரு வாய்தாவையும் அவள் தவறவிட்டதில்லை.