மணிக்குப் பிறகு விட்ட குத்து

நேற்று மதியத்திலிருந்து மகாராஜாவின் வயிற்றுக்குள் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. நாளைக் காலையில் எடை பார்ப்பார்கள். அறுபது கிலோவைத் தாண்டினால் ரிங்கில் ஏற முடியாது. பசியோடுதான் சாலை பஜாரில் வழக்கம்போல் அரிசி மூட்டை இறக்கினான். பசியோடுதான் சாயங்காலம் பயிற்சிக்கு வந்தான். நாளைக்குக் குத்துச்சண்டை இறுதிப் போட்டி. ஜெயித்தால் ஜில்லா அணியில் இடம்.

அவனைக் குடைந்தது வேறு. கடைசியாக மோதிய இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள். இருவரும் ஒரே வித்தையைக் காட்டினார்கள். இடது கையால் நேரே குத்துவதுபோல் பாவனை செய்தார்கள். அவன் தப்பிக்கத் தலையை வலப்பக்கம் விலக்கினான். அதே இடது கை வளைந்து அங்கேயே வந்து இறங்கியது. எப்படியோ சமாளித்து ஜெயித்துவிட்டான். ஆனால் தலை அந்தப் பக்கம்தான் போகும் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

தினமும் அவனோடு பயிற்சி செய்கிறவன் பிரபின். இதே போட்டியின் முதல் சுற்றில் மகாராஜாவிடமே தோற்று வெளியேறியவன். நேற்று பழவங்காடி ஜூஸ் கடையில், நாளைய எதிராளியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"அவன்கூட என்னலே பேச்சு?" கையுறையை மாட்டிக்கொண்டே மகாராஜா கேட்டான்.

"அவனா? பள்ளிக்கூடத்துல ஒண்ணிச்சு படிச்சவனாக்கும். வீட்டு விசேஷம் பேசினோம்."

"வீட்டு விசேஷமா, என் விசேஷமா?"

"பட்டினி கிடந்து உனக்கு வட்டு பிடிச்சுப்போச்சு டே." பிரபின் சிரித்தான்.

பைத்தியம் என்கிறான். அந்தச் சிரிப்பு மகாராஜாவுக்குப் பிடிக்கவில்லை. சுற்று முடிந்து பயிற்சியாளர் ஜினி மணியடித்தாள். பிரபின் கைகளைத் தாழ்த்தித் திரும்பினான். மகாராஜா அப்போதுதான் குத்தினான். பிரபினின் உதடு கிழிந்தது.

"மணி அடிச்சாச்சுல்லா!" ஜினி கத்தினாள்.

"கேக்கலக்கா."

நன்றாகவே கேட்டிருந்தது. பிரபின் ரத்தத்தைத் துப்பிவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். மடியில் கனம், அதனால்தான் பேச்சில்லை என்று மகாராஜா நினைத்தான்.

மறுநாள் வீங்கிய உதட்டோடு, தண்ணீர் பாட்டிலும் கையுமாக பிரபின் அவன் மூலையில் வந்து நின்றான். எதற்கு வந்தான்?

இரண்டாம் சுற்றில் அங்கிருந்தே கத்தினான். "இடத்தே போ! வலத்தே அவன் காத்து நிக்கான், தலைய இடத்தே கொண்டு போ டே!"

இடப்பக்கம் ஏதோ குழி தோண்டி வைத்திருக்கிறார்கள். மகாராஜா வேண்டுமென்றே வலப்பக்கம் விலகினான். வளைந்து வந்த குத்து தாடையில் இறங்கியது. முழங்கால் மடிந்தது. நடுவர் பத்து வரை எண்ணி முடித்தார்.

ஜெயித்தவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கைகொடுக்க வந்தான்.

"பிரபின்தானே சொல்லித் தந்தான்?" மகாராஜா கேட்டான்.

"அவனா? நானே கேட்டுப் பாத்தேன். வாயே திறக்கல, ஜூஸ் மட்டும் வாங்கித் தந்தான். ஆரு சொல்லணும் அண்ணா? நீங்க நடந்து வரும்போதே தலை வலத்தே சாஞ்சிருக்கு. எங்க அச்சனும் சுமடு தூக்குறவருதான். இடது தோளில மூட்டை, தலை வலத்தே. சோறு தின்னும்போதும் அப்படித்தான் இருப்பாரு."

மகாராஜா தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தான். பாதியிலேயே கழுத்து நின்றுவிட்டது.

பிரபின் அவனை உட்காரவைத்துக் கையுறையின் கயிற்றை அவிழ்த்தான். பையிலிருந்து தடித்த ஏத்த வாழைப்பழம் ஒன்றை எடுத்து உரித்து நீட்டினான்.

"தின்னு. இனி ஒருத்தனும் எடை பாக்கமாட்டான்."

மகாராஜா தின்றான். எதிரே அந்த உதடு கருத்து வீங்கியிருந்தது.

"பிரபினே..."

"ம்?"

"இன்னொண்ணு இருக்கா?"

அதையும் வாங்கித் தின்றான். மணி அடித்த பிறகு விட்ட அந்தக் குத்துக்கு மகாராஜா பிரபினிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.